மாட்டேறும் மிகைச்சுட்டும்

மாத்தளையினின்று இறத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறுஞ் சாலை வளைவுகள் மலிந்தது. 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு கூறாகிய நக்கிள்ஸ் மலைத்தொடரில் அவ்விடம் அமைந்துள்ளது. காற்றும் மூடுபனியும் அதற்கு இயல்பு. இத்தகைய சாலையில் வழிகாட்டிப் பலகை இன்றியமையாதது. ஆயின், அஃது எங்கே வேண்டும்? வழி இரண்டாகப் பிரியுஞ் சந்தியில் வேண்டும். பிரியாது செல்லுஞ் சாலையின் ஒவ்வொரு வளைவிலும் பலகை நாட்டினால், செல்வோன் முதலிற் சிலவற்றை நின்று நோக்குவான்; பின்னர் எதனையும் நோக்கான். உண்மையாகவே வழி பிரியுமிடத்துப் பலகையையும் அவற்றுள் ஒன்றெனக் கருதிக் கடந்துவிடுவான். நூல்களில் வரும் 'ஆண்டுக் காண்க' என்னுஞ் சுட்டுகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். கணினி மென்பொருள்களின் அமைவை விளக்கும் ஏடுகளில் இக்குறை மலிந்து காணப்படுதலின், அதனை ஈண்டு ஆராய்வாம்.

ஒரு மென்பொருள் பல இடங்களிற் பல தேவைகளுக்கேற்பத் தொழிற்படல் வேண்டும். அதன்பொருட்டு மாற்றத்தக்க பெறுமானங்களைத் தனிக் கோப்பொன்றில் எழுதிவைப்பர். அதுவே அமைவுக் கோப்பு. அதில் எழுதப்படும் பணிப்புரை ஒவ்வொன்றும் யாது செய்யும், எழுதாதவிடத்து எப்பெறுமானங் கொள்ளப்படும், எவ்விடத்தில் எழுதுதல் தகும் என்பவற்றை உரைப்பது அமைவு விளக்க ஏடு. இப்பணிப்புரைகள் ஒன்றோடொன்று தொடர்புடையன. ஆதலின் ஒன்றை விளக்கும்போது மற்றொன்றைச் சுட்டுதல் தவிர்க்கவொண்ணாதது. 1971ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் கையேட்டின் முதற் பதிப்பிலேயே 'மேலும் காண்க' என்னுந் தலைப்பு இடம்பெற்றிருந்தது.

சுட்டி முடித்தல் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர், ஆகார ஈறு அகர ஈற்றின் இயல்பினதாகும் என ஒரே அடியிற் கூறி, அகர ஈற்றுக்கு முன் விதித்ததை ஆகார ஈற்றுக்கும் எய்துவித்தார். இதனை மாட்டேறு என்பர் உரையாசிரியர். நன்னூலார் வகுத்த முப்பத்திரண்டு உத்திகளுள் மாட்டெறிந்தொழுகல், உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல் என்பனவும் உள. அவரே நூற்குற்றம் பத்தினுள் மிகைபடக் கூறலையும் கூறியது கூறலையும் சேர்த்து எண்ணினார். ஆகவே, சுட்டுதல் உத்தியாம். மிகையாகச் சுட்டுதல் குற்றமாம் என்பது பெறப்படும்.

ஈண்டு ஒரு வேற்றுமையை உணர்தல் வேண்டும். இலக்கணம் பயின்ற பண்டை மாணாக்கன் நூலை முதலிலிருந்து முறையே மனனஞ் செய்தவன். மாட்டேற்றைக் கண்டவுடன் முன்னைச் சூத்திரம் அவன் நினைவில் எழும். ஏடு புரட்டும் வேலை அவனுக்கில்லை. அமைவேட்டைப் படிப்போனோ அத்தகையனல்லன். அவன் தேடற்பொறியின் வாயிலாக நூலின் நடுவில் வந்திறங்குபவன். தனக்கு வேண்டிய ஒன்றை மட்டும் கண்டு மீளக் கருதுபவன். அவனுக்கு ஒவ்வொரு சுட்டும் 'செல்லவோ, நிற்கவோ' என்னும் ஐயத்தைத் தருவது. சென்றால், மீண்டு வந்து விட்ட இடத்தைத் தேடுவதும் அவன் வேலையாகும். எனவே, ஆண்டுச் சுருக்கத்துக்கு உதவிய உத்தி ஈண்டு அளவு கடந்தாற் சுமையாகின்றது.

மிகைச்சுட்டு நால்வகைப்படும் எனலாம். முதலாவது, தன்னையே சுட்டல்: ஒரு பணிப்புரையை விளக்கும் பகுதியினுள் அதன் பெயர் வருந்தோறும் அப்பகுதிக்கே இணைப்பிடுதல். இஃது எழுதுவோன் கருதாமலே, பெயர்களையெல்லாம் இணைப்பாக்கும் பொறிகளால் நேர்வது. இரண்டாவது, அடுத்தடுத்துச் சுட்டல்: ஒரு பத்தியினுள் ஒரே பெயர் ஐந்துமுறை வரின் ஐந்துமுறையும் இணைப்பிடுதல். மூன்றாவது, ஈற்றில் மீளச் சுட்டல்: உரையினுள் முன்னரே சுட்டியவற்றை 'மேலும் காண்க' என மீண்டும் நிரல்படுத்தல். விக்கிப்பீடியாவின் நடைக் கையேடு இதனைப் பொதுவிதியாக விலக்குகின்றது. நான்காவது, சுழலச் சுட்டல்: முதற் பகுதி இரண்டாவதைக் காண்க என்னும், இரண்டாவது முதலாவதைக் காண்க என்னும், பொருளோ இரண்டிலும் இராது. முன்னைய மூன்றும் காலத்தை வீணாக்குவன. இறுதியிற் கூறியது படிப்போனை வெறுங்கையுடன் திருப்பியனுப்புவது.

இவற்றை அஞ்சிச் சுட்டுகளை முற்றும் நீக்கி, வேண்டியதையெல்லாம் ஆங்காங்கே எழுதிவிடலாமே எனின், அது மற்றொரு குற்றத்துக்கு வாயிலாகும். அப்பாச்சி என்னும் இணைய வழங்கியில், விடையளித்தபின் அடுத்த வேண்டுகோளுக்காகத் தொடர்பைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் நேரத்தை 'கீப்அலைவ்டைம்அவுட்' என்னும் பணிப்புரை வரையறுக்கின்றது. 2.0ஆம் பதிப்பில் அதன் இயல்புப் பெறுமானம் 15 செக்கன். 2005இல் வெளிவந்த 2.2ஆம் பதிப்பில் அது 5 செக்கன் ஆயிற்று. '15' என்னும் எண்ணை ஓர் ஏட்டின் பத்திடங்களில் எழுதிவைத்தவன் பத்திடங்களையுந் திருத்தல் வேண்டும். ஒன்று தவறினும் மாறுகொளக் கூறல் என்னுங் குற்றம் நேரும். ஓரறிவுக்கு ஓரிடமே உரியது என்னுங் கொள்கையை ஹண்ட், தோமஸ் என்னும் இருவர் 1999இல் வெளியிட்ட நிரலாக்க நூலில் வற்புறுத்தியதும் இக்காரணம் பற்றியே. எனவே மாறக்கூடிய பெறுமானத்தை ஓரிடத்தில் எழுதிப் பிறவிடங்களில் அதனைச் சுட்டுதலே முறை.

அங்ஙனமாயின் தக்க சுட்டு யாது? அதனை நீக்கின் படிப்போன் யாதேனும் இழப்பானோ என வினவுக. இழப்பானெனின் நிறுத்துக, அன்றெனின் நீக்குக. நிறுத்துஞ் சுட்டும் காரணத்தோடு நிற்றல் வேண்டும். 'இன்ன பணிப்புரையைக் காண்க' என்பதினும், 'இந்நேரத்தைக் கூட்டின் திறந்திருக்குந் தொடர்புகள் மிகும். அவற்றின் உச்ச எண்ணிக்கைக்கு இன்ன பணிப்புரையைக் காண்க' என்பது நன்று. பின்னையதைப் படித்தோன் தான் செல்லவேண்டுமோ அன்றோ என்பதைச் செல்லுமுன்னரே அறிவான். இனி, தரவு அழியக்கூடிய இடத்து எச்சரிக்கையை மட்டுஞ் சுட்டிவிட்டு அமையாது, அவ்விடத்திலேயே மீளக் கூறுதல் வேண்டும். பயன் கருதிக் கூறியது கூறல் குற்றமாகாது என்பது நம் உரையாசிரியர்க்கும் உடன்பாடு.

ரிவர்ஸ்டனிலே தொலைத்தொடர்புக் கோபுரமொன்று நிற்கின்றது. அத்தகைய உயரத்தில், நள்ளிரவில், மழையினிடையே, பழுதுற்ற கருவியொன்றின் முன் நிற்கும் பொறியியலாளன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் கையிலிருப்பது அச்சிட்ட சில தாள்களே. அவற்றில் இணைப்பை அழுத்திச் செல்லவும் இயலாது. அவன் திருப்பிய பக்கம் 'நான்காம் பகுதியைக் காண்க' என்று கூறி, நான்காம் பகுதி மீண்டும் அப்பக்கத்தையே காட்டுமாயின், அவ்வேட்டை எழுதியோன் அவனைக் கைவிட்டவனாவான். அவ்வேளையில் மலையடிவாரத்து ஊர்களிலும் தொடர்பு அற்றிருத்தல் கூடும். மென்பொருட்டுறையிற் புகும் நம் மாணவர் நிரல் எழுதுவதிற் காட்டும் ஊக்கத்தை அதன் விளக்கவுரையிலுங் காட்டுவாராக. நூற்குற்றம் பத்தினையும் தேர்வின்பொருட்டு மனனஞ் செய்தோர், தாம் எழுதும் ஏட்டில் அவற்றை நீக்கக் கற்பராயின், கற்ற இலக்கணம் தொழிலிலும் பயன்பட்டதாகும்.