200-ல் 1 என்றால் என்ன பொருள்?

கர்ப்பத்தின் 11-ஆம் வாரத்துக்கும் 14-ஆம் வாரத்துக்கும் இடையே எடுக்கும் என்.டி. ஸ்கேனும், அதனோடு செய்யும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் முடிந்து, டவுன் சிண்ட்ரோம் என்னும் குரோமோசோம் கோளாறுக்கு நேரே ‘ஹை ரிஸ்க், 1:200’ என்று அச்சிட்ட அறிக்கை கைக்கு வந்ததும், வீடே அன்னம் தண்ணீர் மறந்து கலங்கிப்போவது இந்நாளில் சர்வசாதாரணமாகிவிட்டது.

அந்த எண் சொல்வது இவ்வளவுதான்: இதே கணக்கு வந்த கர்ப்பிணிகள் 200 பேரை ஒன்றுசேர்த்தால், அவர்களில் ஒருவருடைய சிசுவுக்கு அந்த நிலை இருக்கக்கூடும், 199 பேருடைய சிசுக்களுக்கு இராது. சிசுவின் குரோமோசோமை இதுவரை எவரும் பார்க்கவே இல்லை. சிசுவின் பிடரியில் தோலுக்கடியே தேங்கிய நீரின் கனத்தையும், தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவையும், அவளுடைய வயதையும் கொண்டு போட்ட அனுமானக் கணக்கே அது. 250-ல் 1 என்பதைத் தாண்டினால் ‘ஹை ரிஸ்க்’ என்று பல ஆய்வுக்கூடங்கள் வைத்திருப்பதும் மனிதர் வகுத்த எல்லையே ஒழிய, இயற்கை வகுத்ததன்று. ‘லோ ரிஸ்க்’ என்பதும் அபய ஹஸ்தமன்று.

இந்த அனுமானத்தைக் கூர்மையாக்க வந்ததே என்.ஐ.பி.டி. என்னும் பரிசோதனை. தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் சிசுவின் அணுக்களைத் தேடி விஞ்ஞானிகள் நெடுங்காலம் பிரயாசைப்பட்டுக்கொண்டிருக்க, டென்னிஸ் லோ என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் அணுக்களை நீக்கியபின் எஞ்சும் பிளாஸ்மாவையே சோதித்து, ஆண் சிசுவைச் சுமந்த தாய்மாரின் பிளாஸ்மாவில் ஒய் குரோமோசோமின் துணுக்குகள் மிதப்பதைக் கண்டு, 1997-ல் வெளியிட்டார்கள். (நம் நாட்டில் அதைக் கொண்டு ஆணா, பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், சொல்லும்படி கேட்பதும் குற்றமே.) அத்தகைய துணுக்குகளை ஆராயும் என்.ஐ.பி.டி.க்கு, 10 வாரம் கடந்தபின் தாயின் கையிலிருந்து எடுக்கும் ரத்தமே போதும், டவுன் சிண்ட்ரோம் உள்ள சிசுக்கள் 100-ல் ஏறக்குறைய 99-ஐ இது இனங்கண்டுவிடும். ஆயினும் அத்துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்பவை. நஞ்சுக்கொடியின் குரோமோசோமும் சிசுவின் குரோமோசோமும் அபூர்வமாக வேறுபடுவதுண்டாதலால், இதையும் முடிந்த முடிவாகக் கொள்வதற்கில்லை.

நிச்சயம் வேண்டுமாயின், 15 வாரத்துக்குப் பிறகு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியை வயிற்றின் வழியே செலுத்திப் பனிக்குட நீரைச் சிறிது எடுத்து, அதிலுள்ள சிசுவின் அணுக்களைப் பரிசோதிக்க வேண்டும். கருச்சிதைவு நேரும் அபாயம் இதில் சொற்பமாக உண்டு. ஆகவேதான் எல்லோருக்கும் இதைச் செய்வதில்லை.

‘ஹை ரிஸ்க்’ என்ற ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கருவைக் கலைப்பதைப் பற்றிப் பேசுவது, என் அபிப்பிராயத்தில், பெரும் அவசரம். எந்தப் பரிசோதனைக்கும் சம்மதிக்குமுன், இது அனுமானமா நிர்ணயமா, முடிவு எத்தனை நாளில் வரும், வந்தபின் நாம் செய்யக்கூடியது என்ன என்று வைத்தியரிடம் கேளுங்கள். விளங்கவில்லையென்றால், கூசாமல் மறுபடியும் கேளுங்கள்.