தலைக்கவசத்துக்கும் ஒரு பரீட்சை

கடையில் இரண்டு சைக்கிள் தலைக்கவசங்கள். நிறமும் எடையும் ஒன்றே. எது உங்கள் தலையைக் காக்கும்? பார்த்துச் சொல்ல முடியாது. கீழே போட்டுத்தான் பார்க்கவேண்டும்!

அமெரிக்காவில் 1999 மார்ச் முதல் தயாராகும் கவசங்களுக்கு இந்தப் பரீட்சை கட்டாயம். சுமார் 5 கிலோ எடையுள்ள உலோகத் தலையில் கவசத்தை மாட்டி, 2 மீட்டர் உயரத்திலிருந்து எஃகுத் தளத்தின்மீது விழவிடுகிறார்கள். அந்தத் தலையின் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 300 மடங்கைத் தாண்டினால் கவசம் தோற்றது.

தலையைக் காப்பது உள்ளேயிருக்கும் பாலிஸ்டைரீன் நுரை. 2 மீட்டர் விழுந்து பெற்ற வேகம், நுரை 2 சென்டிமீட்டர் நசுங்குவதற்குள் தணிந்தால் சராசரி 100 மடங்குதான். 2 மில்லிமீட்டரே நசுங்கினால்? 1000 மடங்கு! கணக்குப் போட்டுப் பாருங்கள். நுரை மிகக் கெட்டியானால் நசுங்காது; மிக மிருதுவானால் தலை நிற்குமுன்பே நசுங்கித் தீர்ந்துவிடும். வெளி ஓடோ இரண்டையும் மறைத்துவிடுகிறது. ஆகவேதான் உள்ளே ஒட்டிய சான்றுச் சீட்டைத் தேடவேண்டியிருக்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்டுவிட்டால் அந்தச் சீட்டும் பயன்படாது. நசுங்கிய நுரை மீண்டும் எழும்பாது.