லடாக் குளிர் பாலைவனம்

லடாக், இந்தியாவின் வடகோடியில் இமயமலைக்கும் காரகோரம் மலைத்தொடருக்கும் இடையே அமைந்துள்ள உயர்நிலக் குளிர் பாலைவனம் ஆகும். இதன் முக்கிய நகரமான லே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. திபெத்தில் தோன்றும் சிந்து ஆறு இப்பகுதியின் ஊடே வடமேற்காகப் பாய்கிறது.

தென்மேற்குப் பருவக்காற்று இமயத்தின் தெற்குச் சரிவுகளிலேயே தன் ஈரத்தைக் கொட்டிவிடுவதால், லடாக் மழை மறைவுப் பகுதியாக உள்ளது. லேயில் பனிப்பொழிவையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே கிடைக்கிறது. தார் பாலைவனத்தின் பெரும்பகுதி இதைவிட அதிக மழை பெறுகிறது. குளிர்கால இரவுகளில் வெப்பநிலை −20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. கோடைப் பகலில் 25 பாகையைத் தாண்டும். காற்று மெலிந்திருப்பதால் வெயிலில் சுடும், நிழலில் குளிரும். நூப்ரா பள்ளத்தாக்கில் மணல்மேடுகளும் இரட்டைத் திமில் ஒட்டகங்களும் உண்டு.

இங்கு வேளாண்மை மழையை நம்பியதன்று. மலைமேல் உள்ள பனியும் பனியாறுகளும் உருகி வரும் நீரை வாய்க்கால்களில் திருப்பி வாற்கோதுமை பயிரிடுகின்றனர். வயல்களுக்கு நீர் முறைவைத்துப் பங்கிட, 'சுர்பொன்' என்னும் பொறுப்பாளரை ஊரே நியமிக்கும். சிந்து ஆறு அருகில் ஓடினாலும், பெரும்பாலான ஊர்கள் அதற்கு மேலே சரிவுகளில் இருப்பதால் அதன் நீர் எளிதில் பயன்படுவதில்லை.

உண்மையான சிக்கல் நீரின் அளவில் மட்டும் இல்லை, அது வரும் காலத்திலும் உள்ளது. விதைப்புக்கு ஏப்ரல், மே மாதங்களில் நீர் வேண்டும். பனியாறுகளோ சூனில்தான் நன்கு உருகத் தொடங்குகின்றன. இந்த இடைவெளியை நிரப்பவே பொறியாளர் செவாங் நோர்பெல், ஓடைநீரைக் குளிர்காலத்தில் ஊருக்கு அருகிலேயே உறையவைக்கும் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் பனித்தூபியை உருவாக்கிக் காட்டினார். மேட்டிலிருந்து குழாய் வழியே வரும் நீர், தன் அழுத்தத்தாலேயே பீறிட்டுத் தெறித்து, இரவுக் குளிரில் கூம்பாக உறைகிறது. பரந்து கிடக்கும் பனியைவிடக் கூம்பில் வெயில் படும் பரப்பு குறைவு. எனவே மெதுவாக உருகி, விதைப்புக் காலத்தில் நீர் தருகிறது.

மழை குறைவு என்பதால் வீடுகள் மண்கற்களாலும் தட்டையான மண்கூரையாலும் கட்டப்பட்டன. ஆகவே எப்போதாவது பெய்யும் கனமழை இங்கே பேரழிவாகிறது. 2010 ஆகத்து 6 அதிகாலை லேயில் ஏற்பட்ட மேகவெடிப்பிலும் சேற்று வெள்ளத்திலும் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதற்கு மறுபுறம் சான்சுகரில் உள்ள கும்மிக் சிற்றூர்: மேலேயுள்ள பனி வற்றி ஓடை சுருங்கியதால், அவ்வூரார் தலைமுறைகளாக உழுத நிலத்தை விட்டு, கீழே ஆற்றை ஒட்டிய வறண்ட சமவெளியில் புதிய ஊர் அமைக்கத் தொடங்கினர்.