கருகிய பிளக்கும் கைக்கணக்கும்

பிளக்கு கருகிய வாடை வீட்டில் வீசினால் புதிய பிளக்கு ஒன்றை வாங்கி மாட்டிவிடுவதும், பியூஸ் அடிக்கடி போகிறதென்று கட்டையில் தடித்த செப்புக் கம்பியை முறுக்கிவிடுவதும், அப்படி முறுக்கியதைச் சாமர்த்தியமென்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்வதும் நம் ஊர்களில் நித்திய வழக்கமாகிவிட்டன. சென்ற மார்கழியில் எனக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார், விளக்குக்கும் விசிறிக்கும் என்று போட்ட ஸ்விட்ச் போர்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றை இழுத்து, அதில் வெந்நீர் ஹீட்டரைச் செருகி, மூன்றாம் முறையாகப் பிளக்கு உருகிய பிறகே என்னிடம் காரணம் கேட்டார்கள். ஹீட்டரின் மேல் ஒட்டியிருந்த தகட்டில் காரணம் அச்சாகியே இருந்தது. அதை அவர்களில் ஒருவரும் வாசிக்கவில்லை.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும்; இரண்டையும் பெருக்கினால் மின்திறன் வாட்டில் கிடைக்கும். முதற்கணக்கின் ஆதாரமான விதியை ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காக அதை மனனம் செய்யும் நாம், வீட்டுச் சுவரில் பிரயோகிக்க மறந்துவிடுகிறோம்.

அந்த ஹீட்டரின் தகட்டில் 2000 வாட், 230 வோல்ட் என்று இருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர், 230-ஐ அந்த 8.7-ஆல் வகுத்தால் ஹீட்டரின் மின்தடை ஏறக்குறைய 26 ஓம். சிறிய மூன்று துளைப் பிளக்குக்கு விதித்த எல்லையோ 6 ஆம்பியர், அதாவது 1380 வாட். இந்த அளவு மீறலோடு, துளைக்குள் உள்ள பித்தளைத் தகடு தளர்ந்து அங்கே அரை ஓம் தடை உண்டாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை அதே கரண்டால் பெருக்கித் தடையாலும் பெருக்க, அந்தச் சிறு துளைக்குள் 38 வாட் உஷ்ணம் இடைவிடாது பிறக்கும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்கும் கோலுக்கே 25 வாட் போதுமென்றால், பிளாஸ்டிக் பிளக்கு எப்படித் தாங்கும்?

பியூஸ் கட்டையில் செப்புக் கம்பியைக் கட்டாதீர்கள். எல்லை மீறும்போது உருகி அறுந்து, சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பதற்காகவே பியூஸ் கம்பி இருக்கிறது; அது அறுபட மறுத்தால், அறுபட வேண்டியதாக மிஞ்சுவது உங்கள் சுவருக்குள் இருக்கும் வயர்தான். மற்றொன்றையும் நினைவில் வையுங்கள்: நனைந்த உடலின் தடையைச் சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அதனூடே பாயும் கரண்டு கால் ஆம்பியருக்கும் குறைவு. ஓர் உயிரைப் போக்க அது போதும். பியூஸை உருக்க அது போதாது. ஆகவே 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியும், ஒழுங்கான எர்த்தும் எந்த வீட்டுக்கும் அவசியம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு தாளில் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்தின் வாட்டையும் எழுதி, எதிரே 230-ஆல் வகுத்த ஆம்பியரையும் எழுதுங்கள். 6 ஆம்பியரைத் தாண்டும் எதுவும், தனி வயர் இழுத்த 16 ஆம்பியர் பிளக்கிலேயே இயங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அல்ல. பிறகு மொத்த வாட்டைக் கூட்டி, இணைப்பு பெற்றபோது கிடைத்த தாள்களில் உள்ள ஒப்பளிக்கப்பட்ட மின்பளுவோடு ஒப்பிடுங்கள். மிகுந்திருந்தால், உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் உதவிப் பொறியாளருக்கு, மின் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு, கூடுதல் மின்பளு கோரி எழுத்தில் விண்ணப்பியுங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைக் கொண்டு வயரிங்கைச் சோதித்து, அவர் கையொப்பமிட்ட சான்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு பெறாமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். “பார்த்துக்கொள்கிறோம், போங்கள்” என்ற வாய்மொழியை நம்பி மாதக்கணக்கில் நடந்தவர்களை நான் அறிவேன். வாங்கிய காகிதத்துக்கு ஒரு கையொப்பமிட உத்தியோகஸ்தருக்கு அரை நிமிஷம் ஆகாது, அதைத் தர மறுப்பது அவருடைய கடமைக்கு இழுக்கு. மின்சாரம் நின்றுபோவது, மின்கசிவு முதலியவற்றை, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கும் அசைவில்லையாயின், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி அமைந்த மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் உங்கள் மின்பகிர்மான வட்டத்தில் இருக்கிறது; அதன் தீர்ப்பு திருப்தி தராவிட்டால் சென்னையிலுள்ள மின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்த ஒப்புகைச் சீட்டுத்தான்.

மேற்சொன்ன குடும்பத்தார் ஹீட்டருக்குத் தனி வயர் இழுத்து, 16 ஆம்பியர் பிளக்கு வைத்துவிட்டார்கள். ஹீட்டர் ஓடிய பின் ஸ்விட்சை அணைத்துவிட்டு அந்தப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்தே இருந்தது. உங்கள் வீட்டுப் பிளக்கையும் அவ்வாறே இன்றைக்கே தொட்டுப் பாருங்கள். சுட்டால் தகட்டை வாசித்து வகுத்துப் பாருங்கள். செப்புக் கம்பியை மட்டும் கட்டாதீர்கள்.