அச்சும் அரங்கேற்றமும்

காஞ்சிபுரத்துக் குமரகோட்டத்திற்குச் செல்பவர்கள், கந்தபுராணம் அரங்கேறிய மண்டபத்தையும் கண்டு திரும்புவது வழக்கம். கச்சியப்ப சிவாசாரியார் நாளொன்றுக்கு நூறு செய்யுளாக இயற்றி இரவில் சந்நிதியில் வைத்துவிட, காலையில் முருகப்பெருமானே அவற்றைத் திருத்தி வைத்திருப்பான் என்பதும், அரங்கேற்றத்தன்று நூலின் முதற்சொற் புணர்ச்சிக்கு இலக்கணம் உண்டோ என்று தடை எழுப்பப்பட, வீரசோழியத்தில் விதி காட்டிய பின்னரே சபை நூலை ஏற்றது என்பதும் இவ்வூரார் பக்தியோடு சொல்லிவரும் ஐதிகம். அதன் சரித்திர உண்மையை ஆராய்வது இங்கே என் நோக்கமன்று. நூலை எழுதுவது ஒன்று, எழுதியதைச் செப்பஞ்செய்வது வேறொன்று, செப்பஞ்செய்ததைச் சபை நடுவே வைத்து ஏற்கச் செய்வது பிறிதொன்று என்னும் தெளிவு நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

அந்தத் தெளிவு இன்று முதுகலையில் தமிழ் பயின்று எழுத்தாளராக விரும்பும் மாணவர்க்குக் கிட்டுவது அரிதாக இருக்கிறது. சுவடிகளை ஒப்புநோக்குவதும் பாடபேதங் காண்பதும் பதிப்பியல் என்ற பெயரால் சில இடங்களில் கற்பிக்கப்படுகின்றன; இதழியலும் உண்டு. ஆனால், தாம் எழுதப்போகும் நூல் எவருடைய மூலதனத்தால், எத்தனை பிரதிகளாக, எந்த உடன்படிக்கையின்கீழ் வெளிவந்து எவர் கையைச் சேரும் என்பதை அறியாமலே பட்டம் பெற்று வெளியேறுகிறார்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குறை இல்லை. பாவு தோய்வது முதல் அச்சுப் பிணைப்பது, கோர்வை போடுவது, நெய்த சேலை கடைக்குப் போய்க் கூலி வருவது வரையில் யாவும் அதன் கண்முன்னே நடக்கின்றன.

நெசவாளர் குடும்பத்தில் 1909இல் இவ்வூரில் பிறந்த அண்ணாதுரை, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றபின், ஈரோட்டில் ‘விடுதலை’, ‘குடி அரசு’ ஆகிய இதழ்களில் பணிபுரிந்து தொழிலைக் கற்றுக்கொண்டு, 1942இல் காஞ்சிபுரத்திலிருந்தே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். ‘ரங்கோன் ராதா’ முதலிய கதைகள் அந்த இதழில்தான் தொடராக வந்தன. அவருடைய அரசியலோடு உடன்படாதவர்களும், எழுத்தும் பிரசுரமும் ஒரே கையில் இருந்தால் எத்தனை வலிமை உண்டாகும் என்பதை அவரிடம் கற்கலாம். அவருடைய கொள்கைக்கு நேர்மாறான திசையில், அதே ஊரில், பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் கிரந்தமாலா என்ற பெயரால் வைஷ்ணவ நூல்களை வரிசை வரிசையாக அச்சேற்றி வந்தார். வேதாந்தமும் பகுத்தறிவும் ஒரே ஊரிலிருந்து அச்சை நாடிய செய்தியை எந்தப் பாடத்திட்டத்திலும் சேர்க்கத் தகும் என்பேன்.

பிரசுரத்தின் பணக்கணக்கிலும் நமக்கு முன்னோடி உண்டு. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், கையொப்பம் என்னும் முன்பணத்தைப் பலரிடமும் பெற்றே காகிதச் செலவைச் சமாளித்தார். பாடபேத ஆராய்ச்சியில் அவரை வணங்கும் நாம், அவர் வைத்த கணக்கையும் படிக்க வேண்டாமா?

இன்றைய கணக்கு வேறு. நூலகங்கள் வாங்கும் பிரதிகளை நம்பி 1200 படிகள் அச்சிடுவது தமிழ்ப் பதிப்பாளரின் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் டிஜிட்டல் முறை வந்துவிட்டமையால் நூறு பிரதிகளோடும் ஒரு நூல் பிறந்துவிடுகிறது. முதலீட்டுக் கவலை குறைந்தது நன்மையே. ஆனால் அச்சிடுவது எளிதானதும், செப்பஞ்செய்யும் வேலையைப் பலர் கைவிட்டனர்; இதுவே இத்தொழிலின் பெருங்குறை என்பது என் அபிப்பிராயம். 1974இல் தோன்றிய க்ரியா பதிப்பகம் பிரதியைச் செம்மையாக்குவதைத் தனிக் கலையாகவே போற்றிற்று. அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன் 2020இல் மறைந்தார். அவர் வழியில் ஒரு வாக்கியத்தைப் பலமுறை நிறுத்திப் பார்க்கும் பொறுமையைப் பயிற்சியாகவே மாணவர்க்கு அளித்தல் வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நிலைக்கும். வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் சென்னைக் கன்னிமாரா நூலகத்திற்கு அனுப்பப்பட வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். நூலுக்குரிய பன்னாட்டுத் தர எண்ணை (ஐ.எஸ்.பி.என்.) அரசாங்கம் இலவசமாகவே தருகிறது. சென்னையில் 2023 முதல் நடைபெறும் பன்னாட்டுப் புத்தகக் காட்சியில், தமிழ் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமை அயல்நாட்டாரோடு பேசி முடிக்கப்படுகிறது. அச்சு நூலுக்கும், மின்னூலுக்கும், ஒலிநூலுக்கும், மொழிபெயர்ப்புக்கும் உரிமைகள் தனித்தனியே உள்ளன என்பதை அறியாமல், எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்ட இளைஞர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் நிலை என் மனத்தை வருத்துகிறது.

மாவட்டந்தோறும் இப்போது அரசின் ஆதரவில் புத்தகத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. காஞ்சியிலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் தமிழ் பயிலும் மாணவ மாணவியரை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. அடுத்த திருவிழாவுக்கு வாங்குவோராக மட்டும் வந்து போகாதீர்கள். பதிப்பாளர் ஒருவரின் அனுமதி பெற்று, அவருடைய கடையில் திருவிழா முடியும்வரை நின்று புத்தகம் விற்றுப் பாருங்கள்.