உபகாரச் சம்பளமும் வருமான வரியும்

கன்னியாகுமரி ஜில்லாவில், வள்ளியாறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது கடியப்பட்டணம். கடலுக்குப் போய் மீன் பிடிக்கும் குடும்பங்களின் ஊர். வலையில் மீன் பட்டால் வருமானம், படாவிட்டால் இல்லை. ஆனால் இக்கடற்கரை ஊர்களிலும், உள்ளே நாஞ்சில் நாட்டு வயலோர ஊர்களிலும், பள்ளிக்கூடத்திலோ கச்சேரியிலோ உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கும் வீடுகள் உண்டு. அவ்வீடுகளில் மாதந்தோறும் பென்ஷன் வரும்போது மகிழ்ச்சி. மார்ச்சு மாதம் நெருங்கும்போது கவலை. “சர்க்கார் ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவானேன்?” என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

பென்ஷனுக்கு நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர் வைத்தார்கள். இதில் முதற் சொல் பொய்; இரண்டாவது சொல்தான் மெய். 1982-ஆம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி, நகாரா வழக்கில், பென்ஷன் என்பது எஜமானர் மனமிரங்கி அளிக்கும் கொடையன்று, முன்பு செய்த ஊழியத்தினால் கிடைத்த உரிமை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் செய்தது. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வருமான வரிச் சட்டமும் ஒரு விதத்தில் இதே கொள்கையைத்தான் கடைப்பிடிக்கிறது. ஓய்வு பெற்றவர் வாங்கும் மாதப் பென்ஷனை அது ‘சம்பளம்’ என்ற தலைப்பிலேயே சேர்க்கிறது. கௌரவம் உண்டு, வரியும் உண்டு!

இந்த வரியை நமக்கு அறிமுகம் செய்து வைத்தவர் ஜேம்ஸ் வில்ஸன் என்னும் ஆங்கிலேயர். 1857-ஆம் வருஷத்துப் புரட்சியை அடக்கிய செலவினால் காலியான கஜானாவை நிரப்ப 1860-இல் கொண்டுவந்தார். அந்நிய ஆட்சியில் நடந்த ஒரு வேடிக்கையையும் நேயர்கள் அறிய வேண்டும். இந்தியாவில் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சீமைக்குப் போய் நிரந்தரமாகத் தங்கிவிட்ட துரைமார்களின் பென்ஷனுக்கு, 1935-ஆம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டம் இந்திய வரிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தது. கடியப்பட்டணம் அக்காலத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் அங்கே வந்தது 1950 ஏப்ரல் முதல் தேதியில். சென்னை ராஜ்யத்தோடு அப்பகுதி சேர்ந்தது 1956 நவம்பர் முதல் தேதியில்.

போகட்டும், கணக்குக்கு வருவோம். அறுபது வயது கடந்த ஓர் ஆசிரியருக்கு மாதம் 45,000 ரூபாய் பென்ஷன், அதாவது வருஷத்துக்கு 5,40,000. ஒரே வங்கியில் போட்ட டிபாசிட்டுக்கு வட்டி 1,20,000. 2025–26 நிதி வருஷத்தின் புதிய முறைப்படி, பென்ஷனில் நிலைக்கழிவு 75,000 போக, மொத்த வருமானம் 5,85,000. பன்னிரண்டு லட்சம் வரையில் தள்ளுபடி இருப்பதால் வரி ஒன்றுமில்லை. பழைய முறையையே பிடித்துக்கொண்டிருந்தால்? நிலைக்கழிவு 50,000, முதியோருக்கான வட்டிக் கழிவு 50,000, வேறு கழிவுகள் இல்லாவிட்டால் மிச்சம் 5,60,000. அதற்கு வரியும் மேல்வரியும் சேர்த்து 22,880 ரூபாய். பழக்கத்தின் விலை சில சமயம் இவ்வளவு!

வரி இல்லையென்று சும்மா இருந்துவிடவும் கூடாது. வருமானம் நாலு லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வட்டி ஒரு லட்சத்துக்கு மேற்பட்டதால், உறுதிமொழிப் படிவம் முன்பே கொடுத்திராவிட்டால் வங்கி 10 சதவிகிதம், அதாவது 12,000 ரூபாய், பிடித்துக்கொள்ளும். கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வரும்.

ஓய்வு பெறும்போது பென்ஷனில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மொத்தமாக வாங்கும் பணத்துக்குச் சர்க்கார் ஊழியர்களுக்கு வரியே கிடையாது. தமிழ்நாடு சர்க்கார் ஊழியர் மூன்றில் ஒரு பங்கும், மத்திய சர்க்கார் ஊழியர் 40 சதவிகிதமும் இவ்விதம் விட்டுக்கொடுக்கலாம். பதினைந்து வருஷம் சென்றதும் முழுப் பென்ஷன் மீளும்.

இனி, நம் மனத்தை உறுத்தும் விஷயம். ஆசிரியர் காலமாகிறார். அவர் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. அதே ஊழியத்தின் பலன், அதே கஜானாவின் பணம். ஆனால் சட்டம் இதைச் ‘சம்பளம்’ என்று ஒப்புவதில்லை. ‘இதர வருமானம்’ என்ற மூலையில் தள்ளிவிடுகிறது. கணவருக்கு 75,000 கழித்த புதிய முறை, இவருக்கு மூன்றில் ஒரு பங்கு அல்லது 25,000, இவற்றில் எது குறைவோ அதைத்தான் கழிக்கிறது. பழைய முறையிலோ 15,000-க்கு மேல் இல்லை. போர்ப் பணியில் உயிர் நீத்த ராணுவ வீரர் குடும்பத்துக்கு முழு விலக்கு உண்டு என்பது நியாயமே. மற்ற வீடுகளில் கணவர் போனதும் செலவு மூன்றில் ஒன்றாகிவிடுகிறதா? உபகாரம் என்ற பழைய வாசனை இந்த இடத்தில் இன்னும் போகவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

பன்னிரண்டு லட்சத் தள்ளுபடியால் பெரும்பாலோருக்கு இன்று இவ்வேற்றுமை உறைப்பதில்லை. எனினும் குடும்பப் பென்ஷன் மஞ்சூராகத் தாமதமாகி, பல வருஷத்து நிலுவை ஒரே தொகையாக வருவதுண்டு. அப்போது அந்தந்த வருஷத்துக்குப் பங்கிட்டுக் கணக்கிட்டு நிவாரணம் கோரலாம். அதற்குரிய படிவத்தைக் கணக்குத் தாக்கல் செய்வதற்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். டிபாசிட்டுகளை அந்த அம்மாளின் பெயருக்கும் அவருடைய வரி எண்ணுக்கும் தாமதமின்றி மாற்றுவதும் அவசியம். இல்லாவிட்டால் பிடித்தம் காலமானவர் கணக்கிலேயே போய்ச் சேரும். கணவர் உயிரோடிருந்த நாள் வரையிலான வருமானத்துக்கு, வாரிசு என்ற முறையில் அவர் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.