வீட்டுக்கழிவின் கூறுகள்: புதுக்கோட்டை, குடுமியான்மலை ஒப்பீடு

புதுக்கோட்டை நகராட்சி 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. நகரங்கள் இவ்வாறு விரிவடையும்போது வீட்டுக்கழிவின் அளவு கூடுவதோடு அதன் கூறுகளும் மாறுகின்றன. நுகர்வுப் பெருக்கம் ஒன்றையே இதற்குக் காரணமாகக் கூறுவது முழுமையான விளக்கமாகாது.

நகருக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ள குடுமியான்மலையை இதனுடன் ஒப்பிடலாம். இசைக் கல்வெட்டால் அறியப்பெற்ற இவ்வூர் வேளாண்மை சார்ந்தது. மாடு வளர்க்கும் வீட்டில் அரிசி கழுவிய நீரும் காய்கறித் தோலும் கழுநீர்த் தொட்டியைச் சேர்கின்றன; சாணமும் கூட்டிய குப்பையும் எருக்குழிக்குச் செல்கின்றன. எஞ்சுபவை நெகிழி உறை, உடைந்த கண்ணாடி, பழந்துணி போன்றவையே. அக்குடும்பம் நகரக் குடியிருப்புக்குப் பெயர்ந்து அதே உணவை உண்டாலும், மாடும் குழியும் இல்லாமையால் அனைத்தும் குப்பைக்கூடையை அடைகின்றன. உணவு மாறாமலே கழிவின் கூறு மாறிவிடுகிறது.

கூறுகளை அளவிடும் முறையிலும் கவனம் வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிலோ கழிவில் 60 கிலோ மட்கும் பொருள் என்றும், அதன் ஈரப்பதம் 70 விழுக்காடு என்றும் கொள்வோம். எஞ்சிய 40 கிலோவின் ஈரப்பதம் 10 விழுக்காடு எனில், உலர் எடையில் அவை முறையே 18 கிலோவும் 36 கிலோவும் ஆகும். ஈர எடையில் 60 விழுக்காடாக இருந்த மட்கும் பொருள், உலர் எடையில் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. எவ்வெடை என்று குறிப்பிடாத ஆய்வு முடிவுகளை ஒப்பிட இயலாது. மாதிரி எடுக்கும் இடமும் அத்தகையதே: வீட்டு வாசலில் உள்ள தாளும் உலோகமும் பழைய பொருள் சேகரிப்போரால் வழியிலேயே பிரிக்கப்படுவதால், கிடங்கில் அவை குறைந்தும் மண் மிகுந்தும் காணப்படும்.

ஈரம் மிகுந்த கழிவை எரித்தால் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும். திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2016 கிலோவுக்கு 1500 கிலோ கலோரியும் அதற்கு மேலும் வெப்பமதிப்புடைய, மறுசுழற்சி செய்ய இயலாத கழிவையே எரிபொருளாகப் பயன்படுத்தக் கூறின. மட்கும் பகுதிக்கு உரமாக்கலே ஏற்றது. செம்மண் நிலங்கள் மிகுந்த இம்மாவட்டத்தில் அதற்குத் தேவையும் உண்டு. நகரின் சமையலறைக் கழிவு உரமாகிக் குடுமியான்மலை போன்ற ஊர்களின் வயல்களுக்குச் செல்லுமாயின், எருக்குழி செய்த பணி வேறு வடிவில் தொடரும்.

எனினும், கலந்த குப்பையிலிருந்து பெறும் உரத்தை உழவர் ஏற்கத் தயங்குவது இயல்பு. உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 நகர்ப்புற மட்கு உரத்தில் ஒரு கிலோவுக்கு ஈயம் 100 மி.கி., காட்மியம் 5 மி.கி. என உச்சவரம்பு விதிக்கிறது. மின்கலமும் வண்ணப்பூச்சும் காய்கறித் தோலுடன் ஒரே கூடையில் சேர்ந்தால், பின்னர்ச் சலித்தெடுப்பதால் அவ்வுலோகங்கள் முழுமையாக நீங்குவதில்லை.